கருவியின் தற்போதைய நிலை

கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாதவள் அவள். ஆய்வுக்கூடத்தில் யாருக்குப் பசை தீர்ந்தாலும், குடை மறந்தாலும், தலை வலித்தாலும் கடைசி மாடிக்குத்தான் ஏறி வருவார்கள். மொட்டைமாடிப் படிக்கட்டை ஒட்டிய அறை அவளுடையது. அதனால் மாடியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இயக்குநர்கூடக் கோபமில்லாத நாட்களில் அப்படித்தான் கூப்பிட்டார்.

காற்றில் என்ன பறக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கருவி நின்றது. பெரிய பால் டின் அளவு உடம்பு, பின்னால் தகர வால், முன்னால் குறுகிய மூக்கு. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு உறிஞ்சும். உள்ளே மெதுவாகச் சுழலும் உருளையில் பசை தடவிய நாடா. காற்றோடு வரும் மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மோப்பக்காரன் என்று பெயர் வைத்தது சில்லு. சில்லு அவளுடைய உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பெட்டி நிறைய ஸ்லைடுகளைக் கீழே போட்டு உடைத்ததால் வந்த பெயர். இப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

நாடாவை நறுக்கி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் மகரந்தம் மட்டும் இளஞ்சிவப்பாக எழுந்து நிற்கும். உருண்டையாக, ஒற்றைத் துளையோடு இருந்தால் புல். மூன்று மூலையிலும் துளையிருந்தால் சவுக்கு. மாடியக்கா குனிந்து எண்ணுவாள். எண்ணி, தேதி போட்டு, எந்தக் காற்று அடித்தது என்று எழுதிவைப்பாள். கல்யாணமாகி வந்த வருஷம் குனிந்தவள், மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் குனிந்துகொண்டே இருந்தாள். அந்த எண்களை யாரும் கேட்டதில்லை. கேட்காததில் அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை, அல்லது இருந்ததைக் கவனித்ததில்லை.

ஒருநாள் தொலைபேசி வந்தது.

"மேடம், நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் குழந்தைங்க டாக்டர். திடீர்னு ஒரு வாரம் பிள்ளைங்க கூட்டமா மூச்சு இழுத்துக்கிட்டு வருதுங்க. அடுத்த வாரம் ஒண்ணுமே இருக்காது. ஏன்னே புரியல. தேதி வாரியா காத்துல என்ன இருந்துச்சுன்னு உங்ககிட்ட கணக்கு இருக்காமே?"

"இருக்கு."

"அதைக் குடுத்தீங்கன்னா எங்க நோயாளிப் பதிவோட வச்சுப் பாத்துடுவேன். இந்தத் தடவை புல்லு பூக்கறதுக்கு முன்னாடியே அம்மாக்கள்கிட்ட மருந்தை ஆரம்பிக்கச் சொல்லிடலாம். போன தடவை ரெண்டு பிள்ளைங்கள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒண்ணுதான் திரும்பி வந்துச்சு."

பின்னால் ஏதோ ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. இருமலுக்கும் இருமலுக்கும் இடையே ஒரு சின்ன விசில்.

"நாளைக்கே அனுப்புறேன் டாக்டர்" என்றாள் மாடியக்கா.

சொன்னபடியே மறுநாள் கோப்புகளை ஒழுங்குபடுத்திக் கடிதம் எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. மோப்பக்காரனுக்கும் சில்லுவின் சம்பளத்துக்கும் பணம் தருவது ஆராய்ச்சி நிதி வாரியம். தரவுகளை உலகத்தோடு பகிர்ந்துகொள்ளுங்கள் என்று அது வருஷாவருஷம் சுற்றறிக்கை அனுப்பும். இதோ ஒருவர் கேட்கிறார், இதோ நாம் கொடுக்கிறோம், தெரிந்தால் சந்தோஷப்படுவார்களே என்று நினைத்து, அனுமதி கேட்டு முதல் கடிதத்தை வாரியத்துக்குப் போட்டாள். சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற ஆசையால் அவள் வாழ்க்கையில் செய்த தவறுகளின் வரிசையில் இது கடைசி என்று சொல்ல முடியாது. ஆனால் விவரமாகப் பதிலளிக்கப்பட்டது இதற்கு மட்டும்தான்.

வாரியத்தின் பதில் இப்படி இருந்தது: "தங்களின் பகிரும் ஆர்வம் பாராட்டுக்குரியது. எனினும், வாரியத்தின் இணையப் பகிர்தளத்தில் பகிர்வதற்கு முன்பாகத் தனிநபருடன் பகிர்வது பகிர்வுக் கொள்கையை மீறுவதாகும். மீறினால் திட்டப் பணியிடங்கள் நிறுத்திவைக்கப்படும். தரவைப் பகிர்தளத்தில் ஏற்றுவதற்கு, தரவைப் பற்றிய தரவு, அதாவது மெட்டாடேட்டா, முதலில் முழுமை பெற வேண்டும். தரவுத் திறப்பு அதிகாரியை அணுகவும்."

"திட்டப் பணியிடம்னா யாரு அக்கா?" என்று கேட்டாள் சில்லு.

"நீதான்."

"நான் ஒண்ணும் பகிரலையே!"

"நான் பகிர்ந்தா உன்னை நிறுத்துவாங்களாம்."

சில்லு கையிலிருந்த ஸ்லைடைத் துடைத்தாள். "பகிராதீங்க அக்கா" என்றாள் பிறகு.

மாடியக்கா திறப்பு அதிகாரி நடத்தும் பயிற்சிக்குப் போனாள். மூடியிருந்த கதவில் திறந்த கதவின் படம் ஒட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்ததால் விஞ்ஞானிகளெல்லாம் நடைபாதையில் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். மண்புழு ஆராய்ச்சியாளர் ஒருவர் நின்றபடியே தூங்கினார். அவர் இதே பயிற்சிக்கு முன்பும் வந்தவர், அனுபவசாலி. கடைசியில் தச்சரைக் கூட்டி வந்து பூட்டைக் கழற்றினார்கள்.

திறப்பு அதிகாரி மெலிந்த மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட குரல். மேடையேறியதும் அன்போடு எல்லோரையும் பார்த்தார்.

"நண்பர்களே, விஞ்ஞானம் ஒருத்தர் வீட்டுச் சொத்து இல்ல. எல்லாரும் பாக்கணும், எல்லாரும் எடுக்கணும். அதுக்காகத்தான் நாங்க இருக்கோம். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கள்லாம் டேட்டா டேட்டான்னு அடிச்சுக்கறீங்க. டேட்டா இன்னைக்கு வரும், நாளைக்குப் பழசாகும். மெட்டாடேட்டா அப்படியா? அது நிக்கும். போன வருஷம் ஒரு பேராசிரியர் மெட்டாடேட்டா மட்டும் அனுப்பினார். டேட்டாவே வைக்கல, மறந்துட்டார். எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுமா! முழு மதிப்பெண் குடுத்தோம். எனக்கு எப்பவுமே ஒரு எண்ணம் உண்டு. நம்ம பகிர்தளத்துல குழப்பம் எல்லாம் எங்கேயிருந்து வருதுன்னு பாத்தா, டேட்டாவுல இருந்துதான் வருது."

கைதட்டினார்கள். மண்புழு ஆராய்ச்சியாளர் விழித்துக்கொண்டு அவரும் தட்டினார்.

மாடியக்கா கையைத் தூக்கினாள். "சார், ஒரு டாக்டர் காத்திட்டிருக்காங்க. புல்லு பூக்கறதுக்குள்ள வேணுமாம்."

"யாரு டாக்டரா? அவங்க பகிர்தளத்துல பயனராப் பதிவு பண்ணிக்கலாமே. பயிற்சி இருக்கு. இதே ஹால்தான்."

அடுத்த வாரம் திறப்பு அதிகாரியின் அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். குளிர்சாதன இயந்திரம் ஒழுகி, கீழே வைத்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி திரையில் அவள் அனுப்பிய மெட்டாடேட்டா படிவத்தைத் திறந்தார்.

"கருவிங்கற இடத்துல நுண்ணோக்கின்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"நுண்ணோக்கி எண்ணுமா?"

"எண்ணாது. பெருசாக் காட்டும். எண்ணறது நான்தான்."

"அப்ப அளவிடற கருவி எது?"

அவள் யோசித்தாள். "நான்தான்னு சொல்லணும்."

"அவ்வளவுதான் விஷயம். நேர்மையா இருந்தா எல்லாம் சுலபம்" என்றபடி அவர் நுண்ணோக்கியை அழித்தார். "நீங்களே போய் நிரப்பிடுங்க. கருவியைப் பத்திக் கருவிக்குத்தானே நல்லாத் தெரியும்."

அவள் தன் அறைக்கு வந்து மேசை விளக்கை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். கருவி தயாரிக்கப்பட்ட ஆண்டு. எழுதினாள். தயாரிப்பாளர். அப்பா பெயரையும் அம்மா பெயரையும் எழுதினாள். கடைசியாகப் பழுதுபார்க்கப்பட்ட தேதி. பித்தப்பை எடுத்த தேதியைப் போட்டாள். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா? ஆம். கருவி பணியிலிருந்து அகற்றப்படும் உத்தேச நாள்? அவளுடைய ஓய்வு நாளைப் போடுவதா அதற்கு மறுநாளைப் போடுவதா என்று தெரியாமல், இரண்டையும் ஒரு கோடு போட்டுப் பிரித்து எழுதினாள்.

அதற்கு அடுத்த கேள்வியில் கை நின்றுவிட்டது.

"கருவியின் தற்போதைய நிலை. சோர்வு, தேய்மானம் முதலியவற்றின் அறிகுறிகள் உண்டா? விவரிக்கவும்."

எத்தனையோ வருஷங்களாக யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கணவர் கேட்டதில்லை. நல்ல மனிதர், கணக்கு வாத்தியார், விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்டுப் பழகியவர். மகள் தொலைபேசியில் "எப்படிம்மா இருக்க" என்பாள். அது கேள்வி இல்லை, ஹலோவின் இரண்டாம் பாதி. இந்தப் படிவம் கேட்கிறது. விவரிக்கவும் என்கிறது.

அவள் எழுதத் தொடங்கினாள். கண்ணை மூடினாலும் இளஞ்சிவப்பு உருண்டைகள் மிதப்பதை எழுதினாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், பகலெல்லாம் எண்ணிவிட்டு மாலையில் போய்க் கட்டிலருகே உட்கார்ந்ததை எழுதினாள். அம்மாவின் மூச்சையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்ததை, அது நின்ற நாளில் அம்மா என்று கூப்பிடும் முன்பு ஒரு எண்தான் நாக்குக்கு வந்தது என்பதை எழுதினாள். அந்த மாதத்துப் பக்கத்தில் புல், சவுக்கு, பூஞ்சைத் துகள் எல்லாம் வழக்கம்போலப் பதிவாகியிருக்கும். எண்ணியவளுக்கு என்ன ஆனது என்று இருக்காது. மகளோடு சண்டை போட்ட அன்று மட்டும் எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்ற தன் பழைய சந்தேகத்தையும் எழுதினாள். கோபத்தில் அவள் தூசியையும் மகரந்தமாக எண்ணியிருப்பாள். அழுகை வந்தது. இந்த வாரியத்தைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தரவைப் பற்றிய தரவு என்றால் இதுதானே? எண்ணுக்குப் பின்னால் யார் இருந்தார்கள், அன்றைக்கு அவர்களுக்கு எப்படியிருந்தது?

சேமி என்ற பொத்தானை அழுத்தினாள்.

"எழுத்து வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்" என்றது திரை.

முதலில் இளஞ்சிவப்பு உருண்டைகளை எடுத்தாள். போதவில்லை. மகளோடு போட்ட சண்டையை எடுத்தாள். கணவரைப் பற்றி ஒரு வரி இருந்தது, அதை எடுத்தாள். அம்மாவின் கட்டிலைச் சுருக்கிப் பார்த்தாள். சுருக்கினால் அது வேறு யாருடைய அம்மாவாகவோ ஆனது. அதையும் எடுத்தாள். கடைசியில் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று ஒரு சொல் மிஞ்சியது. படிவம் பச்சை நிறமானது.

"முடிஞ்சுதா அக்கா?" என்று எட்டிப் பார்த்தாள் சில்லு.

"பச்சை வந்திருச்சு."

"கண்ணு என்ன இப்படிச் சிவந்திருக்கு?"

"சாயம்" என்றாள்.

பச்சை வந்த மறுநாள் சிவப்பு வந்தது. கருவி ஒரு மனிதர் என்பதைப் பகிர்தளம் கண்டுபிடித்துவிட்டது. மனிதரிடமிருந்து பெறப்பட்ட தரவென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு கேள்விகளை அனுப்பியது. பங்கேற்பாளருக்கும் ஆய்வாளருக்கும் முன்பே அறிமுகம் உண்டா? ஓரளவு, என்று எழுதினாள் மாடியக்கா. பொய் சொல்ல அவளுக்கு வராது. ஆய்வாளர் பங்கேற்பாளரைக் கட்டாயப்படுத்தினாரா? பங்கேற்பாளர் விரும்பினால் எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம் என்பது அவருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லப்பட்டதா?

இதை மட்டும் அவள் இருமுறை படித்தாள். யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

சாட்சி முன்னிலையில் சம்மதம் வாங்க வேண்டும் என்பது விதி. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை நகர்த்திவிட்டுக் கணவர் சாட்சியாக உட்கார்ந்தார். அவள் படிவத்தை உரக்கப் படித்தாள். ஆய்வாளர் படிக்க, பங்கேற்பாளர் கேட்டாள்.

"இதுல நான் எதைப் பாக்கணும்?" என்றார் கணவர்.

"நான் என்னைக் கட்டாயப்படுத்தலைன்னு."

"அதெப்படி எனக்குத் தெரியும்? உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் கண்டேனா?"

"அதுசரி. நீங்க எங்க கண்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுடைய பேச்சில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று பார்ப்பவர்போலத் துடைத்தார். "பேனாவைக் குடு. எதுவா இருந்தாலும் போடறேன். ஆனா நீ சரின்னு சொல்லலையே?"

"யோசிக்க டைம் குடுக்கணுமாம். அதுவும் விதிதான்."

யோசிக்கும் காலத்தில் ஆய்வாளர் பங்கேற்பாளரை ஆய்வு சம்பந்தமாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்று அடிக்குறிப்பு சொன்னது. ஆகவே மாடியக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அலமாரியைத் துடைத்தாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள். தவறியும் மகரந்தத்தைப் பற்றி நினைத்துவிடக் கூடாது என்று வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியே ரயில்பாதை மேடு தெரிந்தது. அங்கே புல் முழங்கால் உயரம் வளர்ந்து, நுனியில் கதிர் கட்டத் தொடங்கியிருந்தது. பார்க்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் இடையில் கூப்பிட்டார். "மேடம், சும்மாதான் கேட்டேன். அனுப்பிட்டீங்களா? எங்க பக்கம் ரெண்டு பிள்ளைங்க வந்தாச்சு."

"இன்னும் நான் சம்மதிக்கல டாக்டர்."

"யாரு, நீங்களா? எதுக்கு?"

சொல்லி முடிக்க நெடுநேரமானது. கடைசியில், "எங்க வேலையிலயும் இப்படி உண்டு மேடம். என்ன ஒண்ணு, பிள்ளைங்களுக்கு அது தெரியாது. மூச்சு விடணும்னு அடம் பிடிக்குதுங்க" என்றார் டாக்டர்.

பங்கேற்பாளர் சம்மதித்தாள். நெறிமுறைக் குழு மகிழ்ந்தது. பங்கேற்பாளரின் அடையாளத்தைக் காப்பது மட்டும்தான் பாக்கி என்றார் திறப்பு அதிகாரி. வாளி நிறைந்து, இன்னொரு வாளி வைத்திருந்தார்கள்.

"உங்க பேரை எடுத்துட்டோம்."

"நல்லது சார்."

"இடத்தையும் எடுத்துட்டோம். இந்த மொட்டைமாடியில ஏறறது நீங்க ஒருத்தர்தானே. கண்டுபிடிச்சிடுவாங்க."

"எந்த ஊர்க் காத்துன்னு தெரியணுமே சார்?"

"அப்பறம் தேதி."

அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "தேதியை எதுக்கு சார்?"

"நீங்க லீவு போட்ட நாள்ல எண்ணிக்கை இருக்காது. அதை வருகைப் பதிவோட ஒப்பிட்டா, எண்ணினது நீங்கதான்னு தெரிஞ்சு போயிடும்."

"நான்தானே எண்ணினேன்!"

"அதைத்தான் வெளிய தெரியாம பாத்துக்கணும்னு படாத பாடு படறோம்" என்றார் அவர், புண்பட்ட குரலில். "உங்க நல்லதுக்குத்தான் மேடம்."

"அப்ப முகப்புல ஆசிரியர் பேரு, படத்தோட, என் பேரு இருக்கே?"

"அது கட்டாயம். பகிர்ந்தவருக்கு அங்கீகாரம் குடுக்கணும் இல்லையா? அது வேற பிரிவு."

எண்களுக்கு மேலே என்ன எண்ணப்பட்டது என்று எழுத வேண்டும். பகிர்தளத்தின் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். கால்நடை, கட்டடம், கடல், பிற என்று இருந்தது. மாடியக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புல்லையும் சவுக்கையும் பூஞ்சையையும் சேர்த்து "பிற" என்று போட்டாள். தேதியும் ஊரும் இருக்கும் பழைய கோப்புகளை, பங்கேற்பாளரின் அந்தரங்கம் அவற்றில் இருப்பதால், எவருக்கும் எந்த வடிவிலும் அனுப்புவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அப்போது திரையில் ஜன்னல் ஒன்று திறந்து அதிலிருந்து பறவை ஒன்று பறந்தது. வாரியத்தின் மிக உயர்ந்த தரச்சான்று அது. முழுத் திறப்பு.

பாராட்டு விழா வைத்தார்கள். அதே ஹால், புதிய பூட்டு. இயக்குநர் முதல் வரிசையில் உட்கார்ந்து, இதுநாள்வரை மொட்டைமாடியில் இப்படி ஒரு வேலை நடப்பதே தனக்கு முழுதாகத் தெரியாது என்று பெருமையோடு பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார். திறப்பு அதிகாரி பேசினார்.

"இந்தத் தரவுத் தொகுப்பை ஒரு முன்மாதிரின்னு சொல்லுவேன். நானே திறந்து பாத்தேன். சந்தேகம்னு ஒண்ணு வரணுமே! யாரு, எங்க, எப்போ, என்ன, இந்த மாதிரி எந்தக் கேள்விக்கும் அதுல இடமே இல்ல. உலகத்துல எந்த மூலையில இருக்கறவரும் இதை எடுத்துக்கலாம். ஏன்னா இது எந்த மூலையையும் சேர்ந்தது இல்ல."

பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் சிரித்தாள். புகைப்படக்காரர் இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னார். இன்னொரு தடவையும் சிரித்தாள். சொல்லப்பட்டதைச் செய்துவிட்டபின் வரும் அந்த அலுப்பு, முதுகின் நடுவில் எங்கோ ஆரம்பித்துக் கைவிரல்வரை இறங்குவதை அவள் ஒரு வெளியாளைப் போலக் கவனித்தாள்.

மேடையிலிருந்து இறங்குவதற்குள் தொலைபேசி அதிர்ந்தது. தூணுக்குப் பின்னால் போய் எடுத்தாள்.

"மேடம், நான் டாக்டர். பயிற்சியெல்லாம் முடிச்சுட்டேன், ஃபைலை எடுத்துட்டேன்." குரலுக்குப் பின்னால் இப்போது ஒரு குழந்தை இல்லை, கூட்டமே இருமியது. "நல்லாத் திறந்துச்சு. ஆனா உள்ள வெறும் நம்பரா ஓடுது. மேல பிறன்னு போட்டிருக்கு. இதுல எது புல்லு? எது எந்த மாசம்?"

"தெரியாது டாக்டர். தெரியக் கூடாதாம்."

"கருத்துப் பெட்டியில எழுதிப் போட்டேன், ஃபைல் திறக்குது, உள்ள ஒண்ணும் இல்லன்னு. ஃபைல் திறக்குதுன்னு பாராட்டினதுக்கு நன்றின்னு பதில் வந்துச்சு." டாக்டர் சிரிக்கப் பார்த்து முடியாமல் விட்டார். "காலையில ஒரு பாப்பா. உதடெல்லாம் நீலமா தூக்கிட்டு வந்தாங்க. இப்ப பரவாயில்ல. இது இப்பத்தான் ஆரம்பமா, இல்ல முடியப் போகுதா, அதுவே எனக்குத் தெரியல மேடம். பெட்டு தயாரா வைக்கணுமா, வேணாமா?"

"கொஞ்சம் இருங்க, நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு மாடியக்கா ஹாலைப் பார்த்தாள். திறப்பு அதிகாரி தேநீர்க் கோப்பையோடு நின்று, இயக்குநரிடம் வரப்போகும் கொள்கைகளை விவரித்துக்கொண்டிருந்தார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"சார், ஒரு சந்தேகம். எழுதிக் குடுக்கல. ஃபைல் அனுப்பல. வாயால ஒருத்தர்கிட்ட, இன்னைக்குக் காத்துல புல்லு ஜாஸ்தியா இருக்குன்னு சொன்னா? அதுவும் பகிர்றதுதானா?"

அவர் சிரித்தார். விழாவின் மகிழ்ச்சியில் இருந்தார். "என்ன மேடம் நீங்க! வாயால சொல்றதெல்லாம் டேட்டாவா? அடையாள எண் இருக்கா? பதிப்பு எண் இருக்கா? அது அரட்டை மேடம், அரட்டை. அரட்டைக்கு வாரியத்துல கொள்கை கிடையாது. கொண்டு வரணும்னு ஒரு குழு போட்டிருக்கோம். குழுவுல பேசிப் பேசி இன்னும் ஒண்ணும் எழுதல."

"அப்ப சொல்லலாம்?"

"தாராளமா அரட்டை அடிங்க. உங்களுக்கு அந்த உரிமை இல்லையா என்ன?"

அவள் படியேறினாள். சான்றிதழைச் சில்லுவின் மேசையில் வைத்தாள். கிடைத்ததே என்று சில்லு அதைச் சாயப் புட்டிக்கு அடியில் விரித்துக்கொண்டாள். பிளாஸ்டிக் உறை, கறை படியாது. அலமாரியிலிருந்து பழைய பதிவுகளை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக் கதவைத் தோளால் தள்ளினாள் மாடியக்கா. சில்லு பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, யாராவது கேட்டா என்ன சொல்ல?"

"அரட்டை அடிச்சிட்டிருக்கேன்னு சொல்லு."

"நீங்களா? நம்ப மாட்டாங்களே!"

"நம்பலைன்னா நீயும் வந்து உக்காரு. ரெண்டு பேரா இருந்தா நம்புவாங்க."

தண்ணீர்த் தொட்டி நிழலில், வெந்துபோன சிமெண்டில் உட்கார்ந்தார்கள். மோப்பக்காரன் ஆற்றுப் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவள் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், சேதி தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "முந்தாநாள்லேருந்து இந்தப் புல்லு ஆடற ஆட்டம் இருக்கே, சொல்லி மாளாது. நேத்து ஸ்லைடுல பாத்தேன், ஒரே சிவப்பு. போன வருஷமும் இப்படித்தான், மழை விட்ட ரெண்டாவது வாரம் ஆரம்பிச்சவ, மாசம் முடியறவரைக்கும் அடங்கலையே. அதுக்கு முந்தின வருஷம் மட்டும் கொஞ்சம் லேட்டா வந்தா."

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்." தாள் புரளும் சத்தம். "அப்ப இது ஆரம்பம்தான்?"

"ஆரம்பம்தான். பெட்டைப் போட்டு வைங்க. காலையிலதான் அவ ஆட்டம் ஜாஸ்தி. பிள்ளைங்கள அந்த நேரத்துக்கு வெளிய விட வேணாம்னு அம்மாங்ககிட்ட சொல்லுங்க. சவுக்கு வேற ஒருத்தி இருக்கா, அவ பெரும்பாலும் சண்டைக்கு வர்றதில்ல. அவளைப் பத்தி நாளைக்குச் சொல்றேன்."

இப்படியாக அரட்டை தொடங்கியது. தினமும் மத்தியானம் நடந்தது. வருஷம் வருஷமாக, மாதம் மாதமாக, மாடியக்கா பதிவைப் பார்த்துப் பார்த்துப் புல்லின் வரவையும் போக்கையும் வம்பாகச் சொன்னாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாக்டர் "அப்பறம்?", "அய்யோ, நிஜமாவா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். மருந்து முன்பே ஆரம்பிக்கப்பட்ட பிள்ளைகள் நடந்து வந்தார்கள், தூக்கிவரப்படவில்லை. எல்லோரும் அல்ல. ஒருத்தியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவள் திரும்பி வந்தாள். உதடு நீலமாக வந்த அந்தப் பாப்பா இப்போது காத்திருப்பு அறையில் நாற்காலி விட்டு நாற்காலி தாவுகிறாள் என்று டாக்டர் சொன்னார். பகிர்தளத்தில் அந்த முன்மாதிரித் தொகுப்பு இன்றும் இருக்கிறது. எடுத்தவர்கள்: ஒருவர்.

ஒருநாள் கடைசி வருஷத்துக் கதையையும் சொல்லி முடித்தாள். டாக்டரின் பக்கம் இருமல் அதிகமில்லை. யாரோ ஒரு குழந்தை எதையோ தட்டித் தட்டிப் பாடியது.

"அக்கா" என்றார் டாக்டர். மேடம் எப்போது அக்காவானது என்று இருவருக்கும் நினைவில்லை. "இத்தனை வருஷமா ஒரே குனிஞ்ச மேனிக்கு எண்ணிட்டே இருந்திருக்கீங்களே. உங்களுக்கு எப்படி இருக்கு?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பச்சை நிறம் வரும் பதில் அது.

மோப்பக்காரன் கிறீச்சென்று வாலைத் திருப்பியது. காற்று மாறியிருந்தது. சில்லு ஸ்லைடைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தாள்.

"சொன்னா நீளமாப் போகுமே டாக்டர்" என்றாள்.

"போகட்டுமே. இன்னைக்கு எனக்கு ஆள் கம்மி."

மாடியக்கா பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள். "எங்கம்மாவுக்கு உடம்பு முடியாம இருந்துச்சுல்ல" என்று ஆரம்பித்தாள். டாக்டருக்கு அது தெரியாது. அந்த மாதம் அவளுக்கு எப்படியிருந்தது என்று யாருக்குமே தெரியாது. "அந்த மாசம் புல்லு ரொம்பக் கம்மி."